தண்ணிக்கு அந்தாண்ட ஒரு கை

எர்ணாவூர்,
22.12.2002, ஞாயிறு

அன்பு மகன் வல்லரசுக்கு அம்மா மலர்க்கொடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மனைவி அன்புக்கரசியும் நல்லபடியாக இருக்கிறோம், என் வயிறு மட்டும் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீ குவைத்தில் சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாயா, அதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே பக்கத்தில் சண்டை வரப்போவதாகப் பேப்பரில் போட்டிருக்கிறது என்று ரஹீமுன்னிசா அக்கா வீட்டுக்காரர் படித்துச் சொன்னார், கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கம்பெனியில் விஷப்புகைக்கு முகமூடி கொடுத்தால் வெட்கப்படாமல் வாங்கி வைத்துக்கொள். இங்கே மழை விட்டுப் பனி ஆரம்பித்துவிட்டது. விடிந்தால் பனி எது, பவர் ஹவுஸ் சாம்பல் எது என்று தெரியாமல் எல்லாம் வெள்ளையாக இறங்குகிறது, கொடியில் போட்ட துணியை உதறினால் மூக்கில் ஏறுகிறது. வாரா வாரம் வெள்ளிக்கிழமை போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நீ கேட்கலாம். போனில் இதைப் பேச முடியாது நைனா. ரஹீமுன்னிசா அக்கா வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டு, அவர்கள் எனக்காக டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருக்க, உன் பெண்டாட்டி என் சோற்றில் மருந்து வைத்தாளா இல்லையா என்று எப்படிப் பேசுவது. அதுதான் எழுதுகிறேன். புளியந்தோப்பு அத்தை உன்னிடம் சொன்னது ஒரு பாதி. மீதியைப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு. அன்புக்கரசியை அவள் அப்பா பொங்கல் கழித்து வந்து வியாசர்பாடிக்குக் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறது, அதற்குள் இது உனக்குக் கிடைக்க வேண்டும்.

என் வயிற்றுக் கதை உனக்குப் பாதிதான் தெரியும். போன வருஷத்து மழைக்காலத்தில் ஆரம்பித்தது. சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் தொப்புளைச் சுற்றி ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும், ஓடினால்தான் விடும். கொஞ்ச நாள் ஓட்டம், அப்புறம் கொஞ்ச நாள் கல்லு மாதிரி அடைப்பு, மாசமாக இருக்கிறவள் போல உப்பிக்கொள்ளும். பொதுக் கக்கூஸ் வரிசையில் நிற்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்தாலே வழி விட்டுவிடுவார்கள், அது ஒரு மரியாதை. பீச் ஸ்டேஷன் வரைக்கும் ரயிலில் போக வேண்டுமென்றால் முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவேன். இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன், சத்தம்தான் மானத்தை வாங்கியது. உள்ளே யாரோ பாத்திரம் நகர்த்துகிற மாதிரி கேட்கும். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க நான் குனிந்து சோறு போட்டுக்கொண்டே போகிறேன், வயிறு பேசுகிறது. ஒன்றாம் வகுப்புப் பெண் ஒன்று தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆயா வயித்துல யாரோ கீறாங்க என்றது. எல்லாப் பிள்ளைகளும் சிரித்தன. அது மட்டும் சிரிக்கவில்லை, நான் கடைசி வரிசைக்குப் போகிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. திருவொற்றியூரில் ஆலிஸ் டாக்டரம்மாவிடம் போனேன். ரத்தம், மலம், ஸ்கேன், குழாய் விட்டு உள்ளே பார்ப்பது, எல்லாம் எடுக்க வைத்தாள். எல்லாம் பார்த்துவிட்டு, புண்ணும் இல்லை கட்டியும் இல்லை, ஒன்றுமே இல்லை, உங்கள் குடல் சும்மா சும்மா பயந்துகொள்கிறது, இதற்குப் பேர் ஐ.பி.எஸ். என்றாள். போலீஸ் ஆபீசருக்குத்தான் அப்படிப் பேர் என்று நினைத்திருந்தேன். உயிருக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இது கூடவே இருக்கும், கூட வைத்துக்கொண்டு வாழப் பழகுங்கள் என்றாள். அவள் நல்லதாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் கூடவே இருக்கும் என்ற வார்த்தை வீடு வரைக்கும் கூடவே வந்தது. இதைப் போய் உன் அத்தையிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்ளோ பெரிய மிசின்ல ஒண்ணும் தெரியலன்னா அது இன்னான்னு உனக்குத் தெரியாதா அண்ணி, அது வெச்ச மருந்து, மிசின் கண்ணுல மாட்டாது என்றாள். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதே அவளுக்குச் சாட்சியாகப் போய்விட்டது. எனக்கும்தான், பொய் சொல்வானேன்.

ஐப்பசி மழையில் என்னைச் சடையங்குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே மருந்து எடுக்கிற பொம்பளை ஒருத்தி இருக்கிறாள். கிழவி, சடைமுடி, குங்குமம் என்று ஏதோ நினைத்துக்கொண்டு போனேன், அப்படி ஒன்றும் இல்லை. நாற்பது வயது இருக்கும், எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை, பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி இருந்தாள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வீட்டைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர், பலகை போட்டிருந்தார்கள், அதன்மேல் நடந்து போக வேண்டும். பட்டப்பகலிலேயே மேகம் கவிந்து இருட்டாக இருந்ததால் மணலிப் பக்கத்துச் சிம்னி நெருப்பு அந்தத் தண்ணீரில் தெரிந்தது, எங்கள் காலுக்குக் கீழே எரிகிற மாதிரி. அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏதோ தழைச் சாறு கொடுத்தாள், படுக்க வைத்தாள், மூங்கில் குழாயைத் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்து வாயால் இழுத்தாள். உள்ளேயிருந்து ஏதோ நகர்ந்து வருகிற மாதிரி எனக்கே இருந்தது. வாழையிலையில் துப்பினாள். நெல்லிக்காய் அளவு கறுப்பாக, பிசுபிசு என்று, முடியும் ஏதோ நீல நூலும் சுற்றிக்கொண்டு ஒன்று கிடந்தது. அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள், உன் வூட்டு அடுப்பாண்ட நிக்கிற கை, சின்னக் கை, வெள்ளைச் சோத்துல வெச்சிக்கீது என்று. நம் வீட்டு அடுப்படியில் நிற்பது யார், நானும் அவளும்தான். திரும்பி வருகிற வழியெல்லாம் உன் அத்தை பேசிக்கொண்டே வந்தாள், எனக்கு எதுவும் காதில் விழவில்லை. ஏன் தெரியுமா, என் வயிறு வாயை மூடிக்கொண்டது. அத்தனை மாதம் ஓயாமல் பேசிய வயிறு அன்றிலிருந்து ஒரு வாரம் மூச்சு விடவில்லை. நிம்மதி என்று நினைக்காதே. உள்ளே குடியிருந்த ஆள் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது, திரும்பி எப்போது வருமோ என்று உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு வாரத்தால்தான் நான் அவள் சொன்னதை நம்பினேன்.

வீட்டுக்கு வந்தால் அன்புக்கரசி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடுறீங்களாம்மா என்றாள். அவள் கையைப் பார்த்தேன். சின்னக் கைதான். அப்புறம் சாப்பிடுறேன் என்று சொல்லித் தட்டை மூடி வைத்தேன். உனக்கே தெரியும், காலையில் நான் இட்லியோ உப்புமாவோ செய்து அவளுக்கு டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுப்பேன், அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வந்து சாயங்காலம் சமைப்பாள். அந்தச் சாயங்காலச் சோற்றை நான் தொடுவதில்லை. மூடி வைத்து, விடிந்ததும் பேப்பரில் சுற்றி, வீட்டுக்குப் பின்னால் பவர் ஹவுஸ் சாம்பலைக் கரைத்து அனுப்புகிற குழாய் போகிறதே, அந்தச் சுவரோரம் கொட்டிவிட்டு வருவேன். அப்போதுதான் அந்த நாய் வந்தது. செம்பட்டை நாய், ஒரு காது கிழிந்தது, யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. கொட்டின சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்னும், தின்றுவிட்டு என்னைப் பார்க்கும். குரைக்காது. மறுநாளிலிருந்து என் பின்னாலேயே வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் உட்காரும், நான் கக்கூசுக்குள் போனால் கதவுக்கு வெளியே உட்காரும், கதவுக்கு அடியில் அதன் மூக்கு தெரியும். அப்புறம் நம் வாசற்படியில் வந்து தலையை உள்ளே வைத்து உடம்பை வெளியே போட்டுப் படுத்துக்கொண்டது. ஒரு நாள் அன்புக்கரசி வேலையிலிருந்து வந்தாள், அது எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு அவள் புடவையை முகர்ந்தது. வசிய மருந்து தின்றது வைத்த கையைத் தேடிப் போகும் என்பார்களே, இதோ நான் தின்ன வேண்டியதை அது தின்றது, அவளிடம் போய் நிற்கிறது, நான் தின்றிருந்தால் நானும் இப்படித்தான் வாலை ஆட்டிக்கொண்டு நின்றிருப்பேன் என்று நினைத்தேன். சிரிக்காதே. நீ அந்த வீட்டில் இருந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு பொம்பளைகள், ஒரே அறை, ஒரு பேச்சு இல்லை. போகப் போக, நான் மிளகாய் கிள்ளினால் அவள் என் விரலைப் பார்ப்பாள், அவள் உப்பு போட்டால் நான் அவள் விரலைப் பார்ப்பேன். அவளும் என்னைப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது, ஏன் என்றுதான் தெரியவில்லை.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீ அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டு, அன்புக்கரசியைப் போனுக்குக் கூப்பிட்டு, உன் அம்மா வூட்டுக்குப் போயிடு, என் அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் மூஞ்சில முழிக்க மாட்டேன் என்று சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள், அந்த நேரம் பார்த்துத் தண்ணி லாரி வந்தது, பெட்டியை அப்படியே வைத்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள், அன்றைக்குப் போகவில்லை. அந்தப் பெட்டி கட்டினது கட்டினபடி இன்றைக்கும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதற்கப்புறம் ரம்ஜான் மாதம் வந்தது. என் வயிறு பழையபடி ஆரம்பித்துவிட்டது, முன்னைவிட மோசமாக. பள்ளிக்கூடத்துச் சோறு ஒரு வாய், சாயங்காலம் ரஹீமுன்னிசா அக்கா கொடுக்கிற நோன்புக் கஞ்சி ஒரு கிண்ணம், அதுதான் என் சாப்பாடு. கஞ்சி மட்டும் வயிற்றில் நின்றது, பார்த்தாயா வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று அதையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாள் அக்கா என்னிடம், ஏன் மலரு, ஒரே வூட்லேர்ந்து மாமியார் ஒரு கிண்ணம் மருமக ஒரு கிண்ணம்னு தனித்தனியா வர்றீங்களே, ஒரே பாத்திரமா குடுத்தா ஆகாதா என்று கேட்டாள். அன்புக்கரசி எதற்குக் கஞ்சிக்கு வருகிறாள், அவள் சமைத்தது வீட்டில் இருக்கிறதே.

பெருநாள் முடிந்து சில நாளில், ஒரு காலை, பனி இறங்கி எதிரில் ஆள் தெரியவில்லை. சோற்றுப் பொட்டலத்தோடு குழாய்ப் பக்கம் போனேன். வழக்கமாக என் காலடியில் வந்து நிற்கிற நாயைக் காணவில்லை. ஆனால் அது தின்கிற சத்தம் மட்டும் கேட்டது, குழாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து. நான் இன்னும் கொட்டவே இல்லை, அது எதைத் தின்கிறது. குனிந்து சுற்றிக்கொண்டு போனால் பனிக்குள் ஒரு உருவம். டிபன் பாக்ஸைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தது. அன்புக்கரசி. நான் விடியற்காலையில் கட்டிக் கொடுத்த இட்லி தரையில் கிடக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள், என் கையில் இருக்கிற பொட்டலத்தைப் பார்த்தாள். நாய் நடுவில் நின்று யாரிடம் வருவதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் வாலை ஆட்டியது. அது எவ்வளவு கொழுத்திருக்கிறது என்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். நாங்கள் இரண்டு பேரும் இளைத்தது அத்தனையும் அதன் மேலே இருந்தது. நீங்களுமாம்மா என்றாள். அப்புறம் அந்தச் சூடான குழாய் மேலேயே உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். கார்த்திகையில் அவளுக்கும் வயிற்று வலி வந்திருக்கிறது, அவள் அம்மா அவளை அதே சடையங்குப்பத்துக்கு, அதே பொம்பளையிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அங்கே அவளுக்குச் சொன்னது, உன் வூட்ல தாலி இல்லாத கழுத்து ஒண்ணு கீதே, அதோட கைதான் என்று. உன் அப்பா போன பிறகு இந்தக் கழுத்தைப் பற்றி இப்படி ஒருத்தி சொல்லி நான் கேட்டதில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் வயிற்றிலிருந்து வந்தது எப்படி இருந்தது என்று கேட்டேன். கறுப்பாக, முடியோடு, நடுவில் ஒரு நீல நைலான் நூல் என்றாள். என்னுடையதிலும் அந்த நீல நூல் இருந்தது நைனா, மீன் வலையிலிருந்து வருமே அந்த நூல். இரண்டு பேரையும் ஒரே உருண்டையை வைத்து ஏமாற்றியிருக்கிறாள். நாய் என்னிடம் வாலாட்டுவதைப் பார்த்து அன்புக்கரசியும் நான் நினைத்ததையேதான் நினைத்திருக்கிறாள், தான் சமைத்ததில்கூட நான் எதையாவது கலந்திருப்பேனோ என்று அதையும் தொடாமல்தான் கஞ்சிக்குப் போயிருக்கிறாள். அன்றைக்கு அவளும் வேலைக்குப் போகவில்லை, நானும் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். சோறு வடித்து, மோர் ஊற்றி, ஒரே தட்டில் பிசைந்து தின்றோம். இரண்டு பேரும் முதல் வாயை ஒன்றாகத்தான் வைத்தோம், அவ்வளவு பயம் அப்போதும் இருந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம், என் கோபம் விடவில்லை. போன வாரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு சடையங்குப்பத்துக்குச் சண்டைக்குப் போனேன். பலகைகள் அப்படியே கிடந்தன. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தும் அந்தப் பொம்பளை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வருவீர்கள் என்று தெரியும் என்கிற மாதிரி இருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கையை என் வயிற்றிலும் இன்னொரு கையை அன்புக்கரசி வயிற்றிலும் வைத்தாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. எங்கள் இரண்டு வயிறும் ஒரே நேரத்தில் கடகடவென்று பேசின. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சொன்னாள், ரெண்டு பேருக்கும் ஒரே கை, தண்ணிக்கு அந்தாண்ட கீது, சோத்துல வெக்கல, காதுல வெச்சிக்கீது, இத என்னால எடுக்க முடியாது என்று. காதுல மொதல்ல வெச்சவளே நீதாண்டி, நீலக் கயிறு திருடி என்று நானும் நன்றாகத் திட்டினேன், காத்திருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். வருகிற வழியில் அன்புக்கரசி, இந்த ஏரியால எந்த வூட்லம்மா வெளிநாட்ல ஆள் இல்ல, குத்துமதிப்பா அடிச்சி வுட்டா என்றாள். அதுவும் சரிதான், அவள் கெட்டிக்காரி. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அந்தப் பொம்பளை தண்ணிக்கு அந்தாண்ட என்று சொன்னபோது என் வயிறு சட்டென்று நின்றுவிட்டது. வலி போய் நின்றது இல்லை. சுவருக்குப் பின்னால் ஒருத்தர் ஒட்டுக் கேட்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாரே, அப்படி. பக்கத்தில் அன்புக்கரசியும் தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுபடி ஆலிஸ் டாக்டரம்மாவிடம் இரண்டு பேருமே போனோம். நடந்ததைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை, உங்களுக்கு எந்தக் கிழமை அதிகம் முறுக்குகிறது, கவனியுங்கள் என்றாள். அதைக் கவனிக்கவே வேண்டியதில்லை, எனக்கும் அவளுக்கும் வெள்ளிக்கிழமைதான். காலையிலேயே ஆரம்பித்துவிடும். உன் போன் வரும், நான் பேசுவேன், அவள் வாசலோரம் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நிற்பாள், இப்போது கூப்பிடுவாய் இப்போது கூப்பிடுவாய் என்று. நீ வைத்துவிடுவாய். அந்த டொக் சத்தம் அவளுக்கும் கேட்கும். போய்க் குடத்தை எடுப்பாள். டாக்டரம்மா சொன்னபடி இப்போது நான் வெறும் வயிற்றில் டீ குடிப்பதில்லை, மிளகாயைப் பாதியாகக் குறைத்தாயிற்று, பயறு முட்டைகோஸ் பக்கம் போவதில்லை, பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரத்துக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுகிறேன், அடைப்பு வந்தால் இசப்கோல் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறேன், சாயங்காலம் இரண்டு பேரும் கடற்கரை ரோடு வரைக்கும் நடக்கிறோம், நாயும் வருகிறது. முழுசாகப் போகவில்லை, போகவும் போகாதாம். முறுக்கு வரும்போது பயந்து ஓடாமல், வந்துட்டியா, உட்காரு, என்று சொல்லிக்கொள்கிறேன், பாதி நேரம் அடங்குகிறது. உனக்கும் பரீட்சை என்றால் வயிற்றைக் கலக்கும், இது நம் வம்சத்து வயிறு. அங்கே பழைய குப்பூஸ் ரொட்டியையும் நேற்றுக் குழம்பையும் தின்றுவிட்டு வேலைக்கு ஓடாதே, அடக்கிக்கொண்டும் இருக்காதே.

எல்லா மருந்தும் சொல்லிவிட்டேன், ஒன்றுதான் பாக்கி. அந்தப் பொம்பளை திருடிதான், ஆனால் அவளால் எடுக்க முடியாது என்றாளே, அது பொய்யில்லை. நீ வைத்ததை நீதான் எடுக்க வேண்டும். அதற்கு மூங்கில் குழாய் வேண்டாம், போன் போதும். பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ரஹீமுன்னிசா அக்கா வீட்டில் மணி அடிக்கும்போது நான் எடுக்க மாட்டேன், நான் வாசலோரம் நிற்பேன், அன்புக்கரசிதான் எடுப்பாள். அவள் ஹலோ என்றதும் வைத்துவிடாதே. சாப்பிட்டியா என்று கேள். வேறு ஒன்றும் கேட்க வேண்டாம், அது போதும், அதற்கப்புறம் அந்தப் பெட்டியை நானே அவிழ்த்து வைக்கிறேன். சண்டை என்று காதில் விழுந்தால் சம்பளத்தைப் பார்க்காமல் கிளம்பி வந்துவிடு. உன் அப்பா படத்துக்கு விளக்கேற்றும்போதெல்லாம் உன் பேரைச் சொல்லித்தான் ஏற்றுகிறேன். நோய் நொடி அண்டாமல், யாருக்கும் அஞ்சாமல், நூறு வயது வாழ்ந்திரு என் ராஜா.

உன்னைப் பெற்றவள்,
மலர்க்கொடி

கடிதத்தை ஒட்டுவதற்குள் அன்புக்கரசி சோறு போட்டுவிட்டாள். நாய் வாசற்படியில் தலையை வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு தட்டையும் மாறி மாறிப் பார்க்கிறது. இன்றைக்கு அதற்கு ஒன்றும் மிஞ்சாது.